மழவனைத் துரோகியாக்கிய புத்தகம்

கதையில் வரும் ஒருவனை எழுத்தாளர் கொல்லலாம். அது அவர் இஷ்டம். அதற்கெல்லாம் நான் கோபித்துக்கொள்கிறவள் இல்லை. ஆனால் ஐந்து புத்தகம் முழுக்க ஒருவனை நல்லவன் என்று நம்பவைத்துவிட்டு, அடுத்ததில் அவனை அயோக்கியனாக்கி, ஏன் அப்படி ஆனான் என்று கேட்டால் 'காலம் அவனை மாற்றியிருந்தது' என்று ஒரே வரியில் கையைக் கழுவிக்கொள்வது என்ன நியாயம்? 'நடுக்காலம்' என்ற அந்த நாவலைப் படித்தபோது எனக்குப் பதினொரு வயது. இன்று என் மகனுக்கு அந்த வயது நெருங்குகிறது. அந்தக் கோபத்துக்கு மட்டும் வயதே ஆகவில்லை.

அந்த எழுத்தாளர் சிறுவர்களுக்காக மாயாஜாலக் கதைகளில் இரண்டு வரிசைகள் எழுதினார். முதலாவது 'ஏழுவாசல்', ஐந்து புத்தகங்கள். ஒரு மலைக்கணவாயில் ஒன்றன்பின் ஒன்றாக ஏழு வாசல்கள். ஏழாவது வாசலைக் காப்பவன் மழவன். அவன் தோளில் ஒரு பருந்து உட்கார்ந்திருக்கும். அது பேசும், அவனிடம் மட்டும். பகைவர்கள் வந்து பொன் தருகிறோம் என்பார்கள், நாட்டில் பாதி தருகிறோம் என்பார்கள். மழவன் காட்டு அத்திப்பழத்தைத் தின்றுகொண்டு வாசலுக்குக் குறுக்கே படுத்துக் கிடப்பான். இரண்டாவது வரிசை 'உவர்நாடு'. அதே நாடு, பல தலைமுறை கழித்து. ஆறு உப்பாகி, கரையெல்லாம் வெளுத்துப்போய், ஊர்கள் பாழாகிக் கிடக்கின்றன. ஆற்றைக் கெடுத்தது யார் என்று கண்டுபிடிக்க ஆழி என்ற பெண் கிளம்புகிறாள். திருப்பூரில் பிறந்து, சாயக்கழிவு ஓடுகிற நொய்யலைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அது மாயாஜாலமாகவே படவில்லை. பக்கத்துத் தெருவில் நடக்கிற கதை மாதிரி இருந்தது.

மழவன் காத்த நாடு எப்படி ஆழியின் உப்பு நாடாக மாறியது? இரண்டு வரிசைகளையும் இணைத்து அதைச் சொல்லப்போகிற புத்தகம்தான் 'நடுக்காலம்'. உவர்நாட்டின் கடைசிப் புத்தகத்தில், பின்னட்டைக்கு முந்தைய பக்கத்தில், 'விரைவில்' என்று போட்டிருந்தார்கள். அந்த விரைவு வந்து சேர வருடக்கணக்கில் ஆனது.

காத்திருந்தவர்கள் இரண்டு பேர். நானும் என் பெரியப்பா மகளும்.

அப்பாவும் பெரியப்பாவும் வேலம்பாளையத்தில் கூட்டாகப் பனியன் கம்பெனி நடத்தினார்கள். கம்பெனிக்குப் பின்னால் ஒட்டினாற்போல் எங்கள் இரண்டு வீடுகள். மேலே இரண்டுக்கும் சேர்த்து ஒரே மொட்டை மாடி. அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அடுப்பு இரண்டு எரிந்தது என்றாலும், எந்தப் பிள்ளை எந்த வீட்டில் சாப்பிடுகிறது என்று யாரும் கவனித்ததில்லை. புத்தகங்கள் ஒரே அலமாரியில் இருந்தன. அவை யாருடையவை என்ற கேள்வியே எங்களுக்குத் தோன்றியதில்லை.

நாங்கள் 'நடுக்கால'த்துக்குக் காத்திருந்த அந்த இடைவெளியில் கம்பெனி பிரிந்தது. தையல் மெஷின்களை ஆளுக்குப் பாதி என்று தூக்கினார்கள். கட்டிங் டேபிள் பெரியப்பாவுக்குப் போனது, ஜெனரேட்டர் எங்களுக்கு வந்தது. கம்பெனிக்குள்ளும் வாசலிலும் ஹாலோபிளாக் சுவர் எழுந்தது. என்ன காரணம் என்று கேட்ட உறவுக்காரர்களுக்கெல்லாம் அம்மா ஒரே பதில்தான் சொன்னாள். "ஒத்து வரலீங்க. வேறொண்ணும் இல்லீங்க."

கடைசியில் புத்தக அலமாரிக்கு வந்தார்கள். அம்மா என்னைக் கூப்பிட்டு, "எது வேணுமோ எடுத்துக்க கண்ணு. பொறவு அவங்கூட்டுல போயிக் கேட்டுட்டு நிக்கப்படாது" என்றாள். பெரியம்மா கதவோரம் பையோடு நின்றிருந்தாள். நான் ஏழுவாசலை எடுத்துக்கொண்டேன். அக்கா உவர்நாட்டைப் பைக்குள் அடுக்கிக்கொண்டு, போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. எல்லாவற்றையும் நாங்கள் எத்தனையோ முறை படித்துவிட்டோம். பெரியவர்கள் பிரித்தது வெறும் அட்டைகளை. அன்றிலிருந்து மழவன் எங்காளு ஆனான், ஆழி உங்காளு ஆனாள். வீட்டிலும் நான் மழவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டேன். நம்மாளு என்றே சொல்லித் திரிந்தேன். யாரும் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

பேசக் கூடாது என்று இரண்டு அம்மாக்களும் சொல்லிவிட்டார்கள். ஆனால் மொட்டை மாடியில் இடுப்பளவுச் சுவர்தான் வைத்திருந்தார்கள். துணி காயப்போட, எடுக்க என்று நாங்கள் மாடியேறினால் யார் கேட்கப்போகிறார்கள்? சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளுமாகத் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து, மழவனுக்கு என்ன ஆகியிருக்கும் என்று பேசித் தீர்த்தோம். வாசலைக் காத்தே செத்திருப்பான் என்பது என் கட்சி. சாகாமல் ஆற்றுக்கு அடியில் தூங்குகிறான், ஆழிதான் வந்து எழுப்பப்போகிறாள் என்பது அக்கா கட்சி. அவளுடையதுதான் அழகாக இருந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை.

புத்தகக் கண்காட்சிக்குப் பள்ளியிலிருந்து அழைத்துப் போனபோது அக்கா அதை வாங்கிவிட்டாள். ஒரு சனிக்கிழமை மத்தியானம், சுவர்மேல் கொண்டுவந்து வைத்தாள். அட்டையில் மழவன், பருந்து, தூரத்தில் ஆழியின் வெளுத்த ஆறு. நான் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டுதான் தொட்டேன்.

அக்கா வாசிப்பாள், நான் கேட்பேன் என்று ஏற்பாடு. கீழே சுவருக்கு இரண்டு பக்கமும் மெஷின்கள் ஓடின. அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி அவள் வாசித்தாள். முதல் சனிக்கிழமை முழுக்க ராஜாக்களின் வம்சாவளி. யாருக்கு யார் மகன், யாருக்கு எத்தனை மனைவி. அடுத்த சனிக்கிழமை மந்திராலோசனை. கிழவர்கள் வட்டமாக உட்கார்ந்து எல்லைத் தகராறு பேசிக்கொண்டே இருந்தார்கள். மழவன் அந்த வட்டத்தில் ஒரு ஓரமாக உட்கார்ந்து தலையாட்டினான். "இவன் எப்பக்கா எந்திரிப்பான்?" என்று கேட்டேன். "இரு, இனிமேத்தான் இருக்குது" என்று அக்கா சமாதானம் சொன்னாள். சொல்லிவிட்டு அவளே கொட்டாவி விட்டாள்.

அதற்குப் பின் வந்தது அந்த வாக்கியம். 'பருந்து முன்பே இறந்துபோயிருந்ததால், மழவன் செய்தியைக் குதிரைவீரன் ஒருவனிடம் கொடுத்தனுப்பினான்.' அவ்வளவுதான்! ஐந்து புத்தகமாக அவன் தோளில் உட்கார்ந்து, அவனோடு பட்டினி கிடந்து, அம்பு பட்டும் பறந்து வந்த பருந்து. எப்போது இறந்தது, எப்படி இறந்தது, அவன் அழுதானா, ஒன்றும் இல்லை. குதிரைக்காரன் எதற்கு வந்தான் என்று சொல்லுவதற்காகப் பருந்தைப் போகிறபோக்கில் கொன்றிருந்தார் அந்த மனிதர். அன்று நாங்கள் இருவரும் சேர்ந்து அவரைத் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. "அந்தாளு ஊட்டுல ஒரு கோழியாச்சும் வளத்தியிருப்பானா?" என்று அக்கா பல்லைக் கடித்தாள். சேர்ந்து கோபப்படுவதில் ஒரு சந்தோஷம் இருந்தது. சுவர் வந்த பிறகு நாங்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்தது அன்றைக்குத்தான்.

மூன்றாவது சனிக்கிழமை மழவன் ஏழாவது வாசலைத் திறந்துவிட்டான்.

பகைவர்களுக்கு. தானாக. அணையை உடைத்து ஆற்றில் கடலைக் கலக்கவிட்ட படை அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தது. கூலியாக மழவனுக்கு ஆற்றின் ஒரு கரை கிடைத்தது. உவர்நாடு முழுக்க ஆழி தேடித் திரிந்த குற்றவாளி எங்காளுதான்.

"இது தப்புக்கா," என்றேன். "அச்சுல மாத்திப் போட்டுட்டாங்க. வேற எவனோட பேரோ இது."

அக்கா பக்கத்தை முன்னும் பின்னும் திருப்பினாள். "இல்ல. அவந்தான்."

"எதுக்குத் தொறந்தானாம்?"

"காலம் அவனை மாற்றியிருந்தது, அப்படீன்னு போட்டிருக்குது."

"அப்பறம்?"

"அவ்வளவுதான்."

நான் எழுந்து நின்று கத்தினேன். அந்த ஆளுக்குப் பைத்தியம் என்றேன். மழவன் அப்படிச் செய்யவே மாட்டான் என்றேன். அக்காவும் எழுந்து நின்று கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். பருந்துக்குக் கத்தியவள்தானே? அவள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"ஏன் செய்ய மாட்டான்?"

"அவன் நல்லவங்க்கா."

"ஆரு சொன்னா?"

"அஞ்சு புக்குலயும் போட்டிருக்குதல்ல!"

"அது அவங்கூட இருந்தவங்க சொன்னது. அவன நம்பி நின்னவங்களக் கேட்டாத் தெரியும்." அவள் குரல் உடைந்தது. "ஒண்ணா உக்காந்து சோறு உண்டவந்தான? காத்தால சிரிச்சுப் பேசிட்டுத்தான போனான்? அங்க எல்லாரும் வருவான் வருவான்னு நின்னுட்டே இருக்கறாங்க. பொழுது போற வரைக்கும் நின்னுட்டே இருக்கறாங்க."

"அப்பிடியெல்லாம் இதுல இல்லியேக்கா."

"இல்லாட்டி என்ன? உங்காளு துரோகி. உங்காளு வேற எப்பிடி இருப்பான்?"

நான் சுவர்மேல் எக்கி அவள் மடியிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கி வீசியெறிந்தேன். அது அவர்கள் பக்கத்து வாசலில், கட்டிங் வேஸ்ட் மூட்டைகள் மேல் போய் விழுந்தது. அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். ஒரு புத்தகத்துக்காக இவள் எதற்கு இப்படி அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. நானும் உரக்க அழத் தொடங்கினேன்.

பொழுது போகிற வரைக்கும் நின்றவர்கள் யார் என்று எனக்குத் தெரிந்தது நான் கல்லூரிக்குப் போன பிறகு. அம்மா வாய்தவறிச் சொன்னாள். கம்பெனிக்கு வழக்கமாக ஆர்டர் தருகிற வெளிநாட்டுப் பையர் ஒருவர், முதல் தடவையாக நேரில் வருவதாக இருந்தார். கம்பெனியே அவரை நம்பித்தான் ஓடியது. அப்பா காலையில் பெரியப்பாவோடு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுவிட்டு, அவரைக் கூட்டிவரக் கோயம்புத்தூர் விமான நிலையத்துக்குக் காரில் போனார். இங்கே பெரியப்பா வெள்ளை வேட்டி சட்டையில் சாம்பிள் துணிகளை மேஜையில் பரப்பிவைத்துக் காத்திருந்தார். பூங்கொத்துக் கொடுக்க அக்காவைப் பட்டுப்பாவாடை கட்டி நிறுத்தியிருந்தார்கள். என்னை நிறுத்தவில்லை என்று நான் வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. கார் வரவே இல்லை. அப்பா அந்த வெள்ளைக்காரரை நேராக வேறொரு கம்பெனிக்குக் கூட்டிப் போயிருந்தார். என் தாய்மாமன் பெயரில், பெரியப்பாவுக்குத் தெரியாமல், அப்பா தொடங்கியிருந்த கம்பெனி அது. பூ வாடுகிறவரை அக்கா வாசலில் நின்றிருக்கிறாள்.

"அப்பா எதுக்கும்மா அப்பிடிச் செஞ்சாரு?" என்று கேட்டேன்.

"என்ன பண்றது கண்ணு, காலம் அப்பிடி இருந்துச்சு" என்றாள் அம்மா.

சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். அந்தப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைக்கூட அம்மா படித்ததில்லை. அதே வாக்கியம் அவளுக்கு எங்கிருந்து கிடைத்தது? காலமா காரோட்டிப் போனது? காலமா இட்லி சாப்பிட்டது? ஒரு மனிதன் செய்ததற்குக் காரணம் சொல்ல வக்கில்லாதவர்கள் எல்லாருக்கும் இந்தக் காலம் வந்து கைகொடுத்துவிடுகிறது. அப்பா இன்றைக்கும் சௌக்கியமாக இருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்களை வாசல்வரை வந்து வரவேற்பார். அண்ணனைப் பற்றிப் பேச்செடுத்தால் டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பார்.

அன்று மாடியில் நான் அழுத சத்தம் கேட்டு மேலே வந்தவரும் அவர்தான். தலைமுடியெல்லாம் பஞ்சுத்தூசி. என் முன்னால் குனிந்து, "ஏங் கண்ணு அழுகற? ஆரு என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

"அக்காப்பா. நம்மாளத் துரோகிங்கறா."

குனிந்தவர் அப்படியே நின்றார். "என்னங்கறா?"

"நம்மாளு துரோகியாமா. நம்பி நின்னவங்கள ஏமாத்திப் போட்டு அந்தப் பக்கம் போயிட்டானாமா. அதனாலதான் அவங்கெல்லாம் நாசமாப் போனாங்களாமா."

"அந்தப் புள்ளையா சொல்லுச்சு?"

"ஆமாப்பா. நம்மாளு அப்பிடியெல்லாஞ் செய்யற ஆளே இல்லைன்னு நானும் கத்துனேன். அவ கேக்கவே இல்ல."

அப்பா என் கண்ணைத் துடைத்துவிட்டார். பிறகு விடுவிடுவென்று படியிறங்கினார். நான் சுவரோரம் ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். அப்பா எங்கள் கேட்டைத் திறந்து, தெருவுக்குப் போய், அவர்கள் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தார். பிரிந்த பிறகு அவர் அங்கே கால் வைத்தது அதுதான் முதல் தடவை. "ஏனுங்க, வேண்டாமுங்க, ஏனுங்க" என்று அம்மா பின்னாலேயே ஓடினாள்.

"வெளிய வா!" என்று அப்பா கத்தினார். "சின்னப் புள்ளைகள உட்டு என்னையத் துரோகின்னு சொல்லச் சொல்றயா? வா! நீயே வந்து என்ற மூஞ்சிக்கு நேராச் சொல்லு!"

அவர்கள் பக்கத்தில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கொஞ்ச நேரத்தில் எங்கள் பக்கத்திலும் நின்றன. இரண்டு கம்பெனி ஆட்களும் வாசலில் கூடிவிட்டார்கள். புதிதாக வேலைக்கு வந்த வடநாட்டுப் பையன் ஒருவன் பக்கத்தில் நின்ற, துணி செக்கிங் செய்கிற பெண்ணிடம் இந்தியில் ஏதோ கேட்டான். "அண்ணந்தம்பி சண்டப்பா, நீ சும்மா இரு" என்றாள் அவள்.

எனக்கு மாடியில் நின்றபடியே உடம்பெல்லாம் புல்லரித்தது. என் அப்பா மழவனுக்காகச் சண்டைக்குப் போயிருக்கிறார்! அதுவும் எப்படி? நம்மாளைச் சொன்னால் தன்னைச் சொன்ன மாதிரி என்று, 'என்னைய' என்றே சொல்லிச் சண்டை போடுகிறார். எந்தப் பிள்ளைக்கு இப்படி ஒரு அப்பா வாய்ப்பார்?

பெரியப்பா சாப்பிட்ட கையோடு வெளியே வந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் அக்கா, அந்தப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. பெரியப்பா சத்தமே போடவில்லை. மெஷின்கள் நின்றுவிட்டதால்தான் அவர் பேசியது மேலேவரை கேட்டது.

"தம்பி, நானு ஊருல ஒருத்தர்கிட்டயும் உன்னைய அப்பிடிச் சொன்னதில்ல. என்ற புள்ளைகிட்டக்கூட ஒரு வார்த்த சொன்னதில்ல. இன்னைக்கு நீயா வந்துதான் ஊரறியச் சொல்லியிருக்கற."

அப்பா கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். பிறகு வந்த வழியே திரும்பினார்.

சீக்கிரத்திலேயே மாடிச்சுவர் ஆள் உயரத்துக்கு எழுந்தது. அக்காவும் நானும் பேசுவது அத்தோடு நின்றது. இப்போது உறவில் கல்யாணம் என்றால் எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அவளிடம் சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது. இரண்டு பேருக்கும் நடுவில் பாயசம் பரிமாறிக்கொண்டு யாராவது வந்துவிடுகிறார்கள்.

ஆனால் அன்று சாயங்காலம் எனக்குக் கவலை வேறாக இருந்தது. பெரியப்பா பாவம், அந்தப் புத்தகத்தைப் படித்திருக்கவில்லை, அதனால்தான் தான் ஒருத்தரிடமும் சொன்னதில்லை என்கிறார் என்று நினைத்தேன். அப்பா ஆபீஸ் அறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாங்கிக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அவர் நாற்காலிக் கைப்பிடியில் ஏறி உட்கார்ந்து, எனக்கு அன்றைக்கெல்லாம் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்த ஒரே கேள்வியை அவரிடமே கேட்டேன்.

"எதுக்குப்பா நம்மாளு அப்பிடிச் செஞ்சான்? ஒரு காரணங்கூடவா இருக்காது?"

அப்பா என்னைப் பார்த்தார். தண்ணீரை மேஜையில் வைத்தார். என்னைப் போலவே அவருக்கும் அந்த எழுத்தாளர் மேல் அவ்வளவு கோபம், அதனால்தான் பேச்சே எழவில்லை என்று நினைத்துக்கொண்டு, அவர் தோளில் சாய்ந்து நானும் சேர்ந்து கோபமாக உட்கார்ந்திருந்தேன்.